பிறர் பணம்

கொல்கத்தாவின் கிழக்கே சதுப்பாகக் கிடந்த நிலத்தை 1960களில் ஊக்ளி ஆற்று மணலால் நிரப்பி எழுப்பிய நகரமே சால்ட் லேக். அதன் ஐந்தாம் செக்டாரில் கணினி நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும் நெருங்கி நிற்கின்றன. நிதி நிறுவனங்களில் உள்ள பணிகளுள் ஒன்று முதலீட்டுத் துணை அலுவலர் பணி.

வாடிக்கையாளரின் வயது, வருமானம், கடன், இழப்பைத் தாங்கும் ஆற்றல் ஆகியவற்றைக் கேட்டறிந்து, அவர்தம் சேமிப்பை வைப்புநிதி, கடன் பத்திரம், பங்கு எனப் பிரித்து வைக்க மூத்த அலுவலருக்குத் துணைபுரிபவர் இவர். வணிகவியல், பொருளியல் பயின்றோர் இப்பணிக்கு மிகுதியாக வருவர். பட்டம் மட்டும் போதாது. முதலீட்டு ஆலோசனை கூறுவோர் அதற்கெனத் தனித்தேர்வு எழுதவேண்டும். அச்சான்றிதழ் 3 ஆண்டுகளே செல்லும்.

மூன்றாண்டுக் கணக்கு தமிழருக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் கொல்கத்தாவிலும் பின்னர் இரங்கூனிலும் கொடுக்கல் வாங்கல் கடைகள் நடத்திய செட்டிநாட்டு நகரத்தார், கடையை எவரிடமும் எளிதில் ஒப்படைத்துவிடவில்லை. சிறுவன் முதலில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். ஏவிய வேலைகளைச் செய்துகொண்டே வட்டிக் கணக்கும் பேரேடும் பழகுவான். தேறியபின் அடுத்தாள் ஆவான். பல்லாண்டுப் பழக்கத்திற்குப் பிறகே மேலாளாகக் கடையின் பொறுப்பை ஏற்பான். அதுவும் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கே. முதலாளி ஊரில் இருக்க, பணமோ கடலுக்கு அப்பால் இருந்தது. ஐந்தொகை பொய்த்தால் குடும்பமே பொய்த்துவிடும் அன்றோ?

இவ்வாறு பழகாதவர் கையில் பிறர் பணம் சென்றால் என்ன நேரும் என்பதைச் சால்ட் லேக் கண்டது. அங்கே தலைமையகம் கொண்டிருந்த சாரதா குழுமம் 2013 ஏப்ரலில் சரிந்தது. இலட்சக்கணக்கான எளியோர் சேமிப்பை இழந்தனர். சிற்றூர்களில் பணம் திரட்டிய முகவர் பலர் முறையான பயிற்சி இல்லாதவர். தரகுத் தொகையை நம்பி உறவினரையும் அண்டை வீட்டாரையும் சேர்த்தவர். தம் பணத்தையும் அவர்கள் அதிலேயே போட்டிருந்தனர். ஏமாற்றியவர் என்று அவர்கள் அனைவரையும் ஒருசேரக் கூறுதல் நேர்மையாகாது. மாநில அரசு 500 கோடி ரூபாயில் நிவாரண நிதி அறிவித்தது.

ஆலோசகருக்குக் கல்வித் தகுதியும் தேர்வும் கட்டாயம் என்னும் செபி அமைப்பின் விதிகள் நடைமுறைக்கு வந்ததும் அதே 2013இல்தான். வாடிக்கையாளரின் நிலைக்குப் பொருந்தும் ஆலோசனையையே கூறவேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று.

சொற்பொருள்: பேரேடு – வரவுசெலவுப் பெருங்கணக்கு, ஐந்தொகை – இருப்புநிலைக் கணக்கு, தரகு – இடைநின்று முடிப்பவர் பெறும் கூலி.

பயிற்சி: பெட்டியடிப் பையன் மேலாளாகும் வரை கடக்கும் நிலைகளை எழுதுக. சாரதா முகவர் ஒருவர் அண்டை வீட்டாரை மீண்டும் சந்திக்கிறார். இருவரும் பேசுவதை உரையாடலாக எழுதுக.