விடைபெறும் வேளை

தில்லியில் பயிலும் கயல்விழி, கோடை விடுமுறையில் பெற்றோருடன் அமெரிக்கா சென்று, தோழி மீனாவின் இல்லத்தில் தங்கினாள். மீனாவின் குடும்பம் மூன்று ஆண்டுகளுக்கு முன் தில்லியிலிருந்து சென்று சான் பிரான்சிஸ்கோ நகரில் குடியேறியது.

புறப்படுவதற்கு முந்தைய நாள் அனைவரும் கோல்டன் கேட் பாலத்தைக் கண்டனர். 1937ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பாலத்தின் இரு கோபுரங்களுக்கு இடையே 1,280 மீட்டர் தொலைவு உள்ளது. பசிபிக் கடல்நீர் குளிர்ந்திருப்பதால் கோடையிலும் அங்கு மூடுபனி சூழும். பனியிலும் புலப்படுமாறு பாலத்திற்குச் செம்மஞ்சள் வண்ணம் பூசியுள்ளனர்.

"தமிழ் எழுத்துகள் எனக்கு மறந்துகொண்டே வருகின்றன. நீ கடிதம் எழுதினால் என்னால் படிக்க இயலுமா?" என்று மீனா வருந்தினாள். கயல்விழி விடை கூறவில்லை.

மறுநாள், பயணத்தில் படிக்கக் கொண்டுவந்த கதைநூலை மீனாவிடம் கொடுத்தாள். விமான நிலையம் செல்லும் வழியெல்லாம் மீனா எழுத்துக்கூட்டி வாசித்தாள். கயல்விழி பிழை திருத்தினாள். இறங்குமுன் ஒரு கதை முடிந்தது.

"மற்றக் கதைகளை நீயே படித்து, எனக்கு எழுது" என்றாள் கயல்விழி.

சொற்பொருள்
புலப்படுமாறு – கண்ணுக்குத் தெரியும்படி
இயலுமா – முடியுமா

வினாக்கள்
1. பாலத்திற்குச் செம்மஞ்சள் வண்ணம் பூசியது ஏன்?
2. மீனாவின் வருத்தம் யாது?
3. மீனா கயல்விழிக்கு எழுதும் முதல் கடிதத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.