நம்பிக்கைகளும் உண்மைகளும்: சம்சாரம் பேரில் போட்டால் வரி போய்விடுமா?

"12 லட்சம் வரைக்கும் வரி இல்லை. புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் சேர்த்து 24 லட்சம்." திருமயம் பக்கம் சம்பளக்காரர்களிடம் இந்தக் கணக்கு புழங்குகிறது. இருவரும் சம்பாதித்தால் சரி. ஒருவர் மட்டும் சம்பாதித்தால் வீட்டில் இருப்பவரின் 12 லட்சம் இவருக்கு உதவாது. இங்கே வரி ஆளுக்குத்தான், தம்பதிக்கு இல்லை.

2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் ஒருவர் 14,75,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலையான கழிவு 75,000 போக 14 லட்சம். அதற்கு வரி 90,000. செஸ் சேர்த்து 93,600. அடுத்த வீட்டில் அதே தொகையைக் கணவனும் மனைவியும் பாதிப் பாதியாகச் சம்பாதித்தால் ஒரு பைசா வரி கிடையாது. ஒற்றைச் சம்பள வீட்டுக்கு இது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. அமெரிக்காவில் தம்பதியின் வருமானத்தைச் சேர்த்துப் பாதிப் பாதியாகப் பிரித்து வரி கணக்கிடும் வழி 1948 முதல் உண்டு. நம் பட்டயக் கணக்காளர் கழகமும் இப்படி ஒரு யோசனையை முன்வைத்தது. ஆனால் 2025இல் வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

"அப்படியானால் பணத்தைச் சம்சாரம் பேரில் போட்டுவிட்டால்?" இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. மனைவிக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரி இல்லை என்பது உண்மை. அந்தப் பணம் ஈட்டும் வருமானமோ கொடுத்தவர் கணக்குக்கே திரும்பி வந்துவிடும். 10 லட்சத்தை மனைவி பேரில் 7 சதவீத வட்டிக்கு எஃப்.டி. போட்டால், அந்த 70,000 கணவனின் வருமானம். அந்த 70,000த்தை மனைவி மறுபடி முதலீடு செய்தால் வரும் 4,900 மட்டும் அவருடையது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 64ஆம் பிரிவு. மனைவி கணவனுக்குக் கொடுத்தாலும் இதே கதைதான். கல்யாணத்துக்கு முன்பே கொடுத்ததை இந்தப் பிரிவு தொடாது.

இந்த விதியின் வேர் 1937இல் இருக்கிறது. மனைவி பேரில் சொத்தை எழுதி வரி தப்புவது பெருகிவிட்டது என்று முந்தைய ஆண்டு ஒரு விசாரணைக் குழு சொல்ல, மத்திய சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி அப்போது அந்த மன்றத்தில் உறுப்பினர். வேடிக்கை என்னவென்றால், அவர் பிறந்த ஊருக்கு அந்தச் சட்டம் செல்லாது. திருமயம் அன்று புதுக்கோட்டை சமஸ்தானம். 1948இல்தான் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது.

இப்போது புதிதாக ஒரு குழப்பம். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று தமிழக அரசு 2025 ஏப்ரலில் சலுகை கொடுத்தது. நல்ல சலுகைதான். "மனைவி பேரில் வாங்கினால் வருமான வரியும் இல்லை" என்று அதோடு முடிச்சுப் போடக் கூடாது. பணம் கணவனுடையது என்றால் அந்த வீட்டு வாடகை அவர் கணக்கில்தான் ஏறும். விற்றால் வரும் லாபமும் அப்படியே.

கடை வைத்திருப்பவர்கள் நம்புவது வேறு: "கல்லாவில் உட்காரும் மனைவிக்குச் சம்பளம் போட்டால் லாபம் குறையும்." தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதிக்காகக் கொடுக்கும் சம்பளமாக இருந்தால்தான் அது மனைவியின் வருமானம், இல்லையென்றால் கணவன் தலையில். ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், தகுதி என்றால் பட்டம்தான் என்றில்லை, திறமையும் அனுபவமும் போதும் என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னது. கொள்முதல், கடன், வசூல் எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் பெண்ணின் உழைப்பைச் சட்டம் இப்படித் தயங்கித் தயங்கித்தான் ஒப்புக்கொள்கிறது.

கழிவுகளைப் பொறுத்தவரை, வீட்டுக் கடன் வட்டிக்கு ஆளுக்கு 2 லட்சம் என்பது பழைய முறையில் மட்டும். பத்திரத்திலும் கடனிலும் இருவர் பெயரும் இருந்து, தவணையும் இருவர் பணத்திலிருந்து போக வேண்டும். ஒருவர் கட்டிய மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை இன்னொருவர் காட்ட முடியாது. புதிய முறைக்குப் போனவர்கள் இதையெல்லாம் மறந்துவிடலாம்.

நகை பற்றி ஒரு வார்த்தை. மணமான பெண்ணுக்கு 500 கிராம், அதாவது அறுபத்திரண்டரை பவுன் வரை வரி கிடையாது என்பார்கள். 1994இல் வந்த அந்த அறிவுறுத்தல், சோதனையின்போது அதுவரை பறிமுதல் செய்யாதீர்கள் என்று அதிகாரிகளுக்குச் சொன்னது. விற்றால் வரும் லாபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கணவர் சிங்கப்பூரில் இருக்கும் வீடுகளுக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம். மாதாமாதம் அவர் அனுப்பும் பணம் மனைவிக்கு வருமானம் ஆகாது. அதை மனைவி பேரில் எஃப்.டி. போட்டால் வட்டி கணவனின் இந்திய வருமானமாகிவிடும். வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு 12 லட்சத் தள்ளுபடியும் கிடையாது. இங்கே வரும் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே வரிதான். அதே பணத்தை அவர் தன் என்.ஆர்.இ. கணக்கில் எஃப்.டி. போட்டிருந்தால் வட்டிக்கு வரியே இல்லை.