சொல்லாமல் விடுவதும் பாடமே

அன்புள்ள கயல்விழிக்கு,

ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைநிலத்தில் நிற்கும் உலுருப் பாறையைப் பார்க்கப் போகிறாய். அங்கே வழிகாட்டியோடு நடப்பதைப் பற்றி நீ கேட்டிருக்கும் கேள்வி நியாயமானதுதான். அந்த மண்ணுக்கு உரியவர்களான அனங்கு மக்கள் பாறையைப் பற்றிய பலவற்றை வெளியாருக்குச் சொல்வதே இல்லை. அப்படியிருக்க அவர்கள் காட்டும் வழியில் நடந்து என்ன தெரிந்துகொள்ள முடியும் என்கிறாய். அவர்கள் சொல்லாமல் விடுவதும் சேர்ந்ததுதான் அங்கே கிடைக்கும் பாடம் என்பது என் எண்ணம்.

உலுரு, சமவெளியிலிருந்து 348 மீட்டர் உயர்ந்து நிற்கும் மணற்கல் பாறை. அதன் அடிவாரத்தை முழுதாகச் சுற்றிவரும் பாதையின் நீளம் 10.6 கிலோமீட்டர். அதன் ஒரு பகுதியில், போக வர 2 கிலோமீட்டர் தூரத்துக்கு, அங்குள்ள தேசியப் பூங்காவின் ரேஞ்சர்கள் தனிக் கட்டணம் வாங்காமல் அழைத்துச் செல்வது மாலா நடை. மாலா என்பது கங்காரு போன்ற சிறிய வாலபி. அனங்கு மக்களின் கதைப்படி, அந்தப் பெயருடைய முன்னோர்கள் வடக்கிலிருந்து வந்து இங்கே ஒரு சடங்கைத் தொடங்கினார்கள். மேற்கிலிருந்து வந்த இருவர் அவர்களை இன்னொரு சடங்குக்கு அழைத்தார்கள். தொடங்கியதை நடுவில் விட முடியாது என்று மாலா மக்கள் மறுக்கவே, சினம்கொண்டவர்கள் பெரியதொரு பேய்நாயை உருவாக்கி ஏவினார்கள். மீன்கொத்திப் பெண் ஒருத்தி தந்த எச்சரிக்கையை மாலா மக்கள் பொருட்படுத்தவில்லை. முடிவில் தெற்கே ஓட வேண்டியதாயிற்று. எடுத்த காரியத்தை முடி, எச்சரிப்பவர் சொல்லுக்குச் செவிகொடு என்ற நெறி இந்தக் கதையில் இருக்கிறது. அனங்கு மக்களுக்குச் சட்டமும் அறமும் உலகம் உருவான வரலாறும் ஒன்றேயான ஜுகுர்பா இப்படித்தான் கற்பிக்கப்படுகிறது. அதே பாதையிலுள்ள ஒரு குகையில் முதியவர்கள் சுவரில் ஓவியம் வரைந்து, பாலையில் பிழைக்கும் வழியைச் சிறுவர்களுக்குக் கற்றுத் தந்தார்கள்.

நீ கேட்கப்போவது குழந்தைகளுக்குச் சொல்லும் அளவுதான். அதற்கு மேலுள்ளது வயதும் பொறுப்பும் கூடக் கூடத் தரப்படுகிறது. ஆண்களுக்கு மட்டும் உரியது உண்டு, பெண்களுக்கு மட்டும் உரியதும் உண்டு. பாறையின் சில பகுதிகளைப் படமெடுக்காதீர்கள் என்று பலகைகள் கேட்டுக்கொள்வதும் இதனால்தான். அங்குள்ள வெடிப்பும் குழியும் மடிப்பும் அவர்களுக்கு மறைநூலின் எழுத்துகள். அவற்றை அந்த இடத்திலேயே, உரியவர் மட்டுமே காண வேண்டும். ஒரு கதையை அறிந்தவருக்கு அந்தக் கதைக்குரிய இடத்தைக் காக்கும் கடமையும் வந்துவிடுகிறது. கடமையை ஏற்காமல் அறிவை மட்டும் கேட்பது அவர்கள் கண்ணில் முறையல்ல.

இயற்கை உலகத்துக்கெல்லாம் பொதுவாயிற்றே, சிலர் எப்படித் தடுக்கலாம் என்று கேட்பவர்கள் உண்டு. 1985 அக்டோபர் 26 அன்று ஆஸ்திரேலிய அரசு இந்த நிலத்தின் உரிமையை அனங்கு மக்களிடம் ஒப்படைத்தது. அவர்கள் உடனே அதை 99 ஆண்டுக் குத்தகைக்குத் தேசியப் பூங்காவாக விட்டுக்கொடுத்தார்கள். கதவைத் திறந்துவைத்தவர்களே அவர்கள்தான். பாறைமேல் ஏற வேண்டாம் என்று பல ஆண்டுகள் வேண்டுகோளாக மட்டுமே கேட்டுவந்தார்கள். அந்த ஏறுவழி மாலா முன்னோர் சென்ற வழி. ஏறியவர்களில் குறைந்தது 35 பேர் இறந்துபோனார்கள். தங்கள் மண்ணுக்கு வந்தவர் இறந்தால் அந்தத் துயரம் தங்களையும் சேரும் என்றார்கள் அனங்கு மக்கள். பூங்காவின் நிர்வாகக் குழு 2017இல் எடுத்த முடிவின்படி, 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது நிரந்தரமாக நிறுத்தப்பட்டது.

மறைத்துவைப்பது அறிவியலுக்கு எதிரானது என்பது இன்னொரு வாதம். பாறையின் பிறப்பைப் பற்றி அறிவியல் சொல்லும் எதையும் அங்கே யாரும் மறைப்பதில்லை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மலைகளிலிருந்து நீர் அடித்துவந்த மணல் படிந்து இறுகியதும், அந்த அடுக்குகள் பின்னர் ஏறக்குறைய செங்குத்தாகச் சாய்ந்ததும், உள்ளிருக்கும் இரும்பு துருவேறிப் பாறை சிவந்ததும் அடிவாரத்தில் நின்றே அறியக்கூடியவை. புல்லைத் திட்டுத்திட்டாக எரித்துப் பெருந்தீயைத் தவிர்க்கும் முறையையும் அனங்கு மக்கள் பகிர்ந்தார்கள். பூங்கா இன்று அதைக் கடைப்பிடிக்கிறது. நிலத்தைக் காக்க உதவும் அறிவைத் தருகிறார்கள். வழிபாட்டுக்கு உரியதை மட்டுமே தங்களிடம் வைத்துக்கொள்கிறார்கள்.

பண்பாட்டைக் காசாக்குகிறார்களே என்ற மறுப்பைத்தான் நான் கனமானதாக நினைக்கிறேன். சுற்றுலா எதையும் சரக்காக மாற்றிவிடக்கூடும். ஆனால் விற்பனைக்கு வந்த பொருளுக்கு வாங்குபவர் விருப்பமே எல்லை. இங்கே எல்லை வகுப்பவர்கள் உரிமையாளர்கள். எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காத ஒரு பகுதி இருப்பதால்தான் மீதியை நம்பிக் கேட்க முடிகிறது.

ஆகவே கயல், வெயில் ஏறுமுன் காலையிலேயே கிளம்பு, தண்ணீரை மறக்காதே. ரேஞ்சருடனோ அனங்கு வழிகாட்டியுடனோ நட. முடிஜுலு நீர்நிலைக்குப் போகும் குனியா நடையையும் விட்டுவிடாதே. பலகை வேண்டாம் என்ற இடத்தில் கேமராவை உள்ளே வை. கேள்விகளைத் தாராளமாகக் கேள். பதில் வராவிட்டால் வற்புறுத்தாதே. கேட்டதெல்லாம் உடனே கிடைத்துவிடும் காலத்தில் வளர்கிற உனக்கு, அறிவுக்கும் காவலர்கள் உண்டு, அவர்கள் தரும்போது பெற்றுக்கொள்வதே மரியாதை என்பதைக் கற்றுத்தர அந்தப் பாறையைவிட நல்ல பள்ளி எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
உன் பெரியப்பா