லிங்க்ட்இன் படத்துக்கு இஸ்தோப்பு வெளிச்சமே போதும்

ஓப்பநாயக்கத் தோட்டங்களில் படித்து முடித்து வேலை தேடும் தம்பி தங்கைகளே, கல்யாண வீட்டுப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி லிங்க்ட்இன்னில் போடாதீர்கள். பக்கத்தில் நின்றவரின் தோளும் சேர்ந்து வரும், முகமும் மங்கிவிடும்.

ஸ்டூடியோ தேடிப் பலாங்கொடைக்குப் போக வேண்டியதில்லை. காலையில் லயத்து இஸ்தோப்பில், வெளிச்சம் முகத்தில் விழும்படி வெளியே பார்த்து நில்லுங்கள். உச்சி வெயில் கண்ணுக்குக் கீழே நிழல் போடும். நம் பக்கத்து மப்பு வானம் முகத்துக்கு நல்லது. பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும். செல்ஃபி மூக்கைப் பெரிதாக்கும். அதனால் வேறொருவர் போனைக் கண் மட்டத்தில் பிடித்து, பின்பக்கக் கமராவால் எடுக்கட்டும்.

படம் வட்டத்துக்குள்தான் தெரியும். உச்சந்தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்கள், முகம் பாதிக்கு மேல் நிறையட்டும். 400க்கு 400 பிக்சலுக்குக் குறையாமல், 8 எம்பியைத் தாண்டாமல் இருந்தால் சரி.

நிறத்தை வெளுப்பாக்கும் ஃபில்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். நேர்முகத் தேர்வுக்கு வருவது அந்த முகம் அல்ல. நம் நிறத்தில் திருத்த எதுவும் இல்லை. பொட்டு, திருநீறு வழக்கமாக வைப்பவர்கள் அப்படியே வையுங்கள்.

பழைய படத்தை இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.