பூல் மேசையின் சிலேட்டு இணைப்பு
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

பூல் மேசை என்றதும் சினிமாவில் வில்லன் கையில் கோலோடு குனிந்து நிற்கும் காட்சிதான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். போன கோடை விடுமுறை வரை எனக்கும் அப்படித்தான். பச்சைத் துணிக்கு அடியில் இருப்பது பலகை இல்லை, கல் என்பதே எனக்குத் தெரியாது. கோவையில் ஒரு வீட்டுக்காரர் வீடு மாறியபோது, பிரித்த மேசையை மாடியில் ஏற்றிப் பூட்டும் வேலை வந்தது. அப்பா சுமை தூக்கப் போனார். செமஸ்டர் ஃபீஸுக்கு ஆகுமே என்று நானும் கூடப் போனேன்.

கல் என்றால் சிலேட்டுக் கல். ஒண்ணாங் கிளாஸில் எழுதினோமே, அதே சாதிதான். (அப்பா படித்தது இரண்டாம் வகுப்பு வரை. அவர் படிப்பு முழுக்க சிலேட்டிலேயே முடிந்துவிட்டது.) மரம் மழைக்காலத்தில் ஊதும், வெயிலில் வளையும். சிலேட்டு அப்படி ஆகாது. மட்டமாகத் தேய்க்கவும் வரும். லண்டனில் தர்ஸ்டன் என்பவர் 1826 வாக்கில் பில்லியர்ட்ஸ் மேசைக்கு இதைப் போட ஆரம்பித்தார். பூலுக்குச் சொந்தக்கார ஆட்டமான ஸ்னூக்கர் 1875-ல் ஜபல்பூரில் பிறந்தது. அதற்கு 1882-ல் விதிமுறை எழுதியது நம்ம ஊட்டி கிளப்பில்!

எட்டடி மேசைக்குக் கல் மூன்று துண்டாக வரும். நாங்கள் தூக்கிய ஒரு துண்டு ஏறக்குறைய 1.27 மீட்டர் நீளம், 0.8 மீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் கனம். பெருக்கினால் 0.0254 கன மீட்டர். சிலேட்டின் அடர்த்தி கன மீட்டருக்கு 2,750 கிலோ என்று வைத்தால் துண்டுக்கு 70 கிலோ. ஒரே கல்லாக இருந்தால் 210 கிலோவை மாடிப்படியில் யார் ஏற்றுவது? அதனால்தான் துண்டு. துண்டு என்றால் இணைப்பு. இணைப்பு என்றால் தகராறு.

மேஸ்திரி அண்ணன் என்னிடம், "தம்பி, மெக்கானிக்கல் படிக்கறீங்களாமா? அப்ப மட்டம் நீங்களே பாத்துருங்க" என்று சொல்லிவிட்டு ரப்பர் வேலைக்குப் போய்விட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று கல்லிலும் தனித்தனியே ரசமட்டம் வைத்தேன். நீளவாக்கு, குறுக்குவாக்கு, எல்லாவற்றிலும் குமிழி நடுவில் நின்றது.

அப்பா இணைப்பின் மேல் நகத்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "கண்ணு, இந்தக் கல்லு கொஞ்சம் எறங்கியிருக்குது பாரு" என்றார்.

"ரசமட்டம் செரியாக் காட்டுதுங்ப்பா. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது, சும்மா இருங்க" என்றேன். மற்ற ஆட்களும் இருந்தார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இணைப்பில் ஒரு சின்னப் படி இருந்ததை நானும் பார்த்தேன். கார் டிங்கரிங் கடையில் போடும் பட்டியை வாங்கி, ஹார்டனர் கலந்து பூசி, சரிவாகத் தேய்த்து மறைத்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியவில்லை. துணியும் போட்டாயிற்று. சாயங்காலம் வீட்டுக்காரர் ஒரு பந்தை மெதுவாக உருட்டினார். இணைப்புக்கு வந்ததும் பந்து ஒருபக்கம் திரும்பியது. மறுபடி உருட்டினார், மறுபடி திரும்பியது. "சரி பண்ணிட்டு காசு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா கூலியும் அதில்தான்.

மறுநாள் மேஸ்திரி துணியைக் கழற்றி, இரண்டு கல்லுக்கும் குறுக்கே ஸ்டீல் மட்டப்பலகையை வைத்து, பட்டியை ஒட்டினாற்போல் ஃபீலர் கேஜை நுழைத்தார். 0.4 மில்லிமீட்டர் தகடு உள்ளே போனது.

நாம் மெட்ராலஜி லேபில் படித்ததுதான், எனக்குத்தான் உறைக்கவில்லை. ரசமட்டம் காட்டுவது சாய்வை, உயரத்தை இல்லை. மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் வைத்துப் பாருங்கள், எல்லாம் மட்டம் என்றே சொல்லும்! போட்டி மேசைகளுக்கு இணைப்பில் அனுமதிக்கப்படும் ஏற்ற இறக்கம் 0.005 அங்குலம், அதாவது 0.127 மில்லிமீட்டர். ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டின் கனத்தில் பாதிகூட இல்லை.

ஆகவே நிரப்புகிற வேலை கடைசியில்தான். முதலில் நடுக்கல்லை மட்டம் பார்த்து இறுக்கவேண்டும். பிறகு ஓரக்கல்லை அதற்குச் சமமாகக் கொண்டுவரவேண்டும். இறங்கியிருக்கும் இடத்தில் கல்லுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே மெல்லிய ஆப்போ சீட்டோ பேக்கிங் கொடுத்து, ஸ்குரூவை முறுக்கி, மறுபடி நகத்தால் பார்க்கவேண்டும். ஸ்குரூ இறுக்கும்போது கல் இன்னும் கொஞ்சம் நகரும். அதனால் எல்லா ஸ்குரூவும் இறுக்கி முடிக்காமல் நிரப்பினால் நிரப்பியது வெடித்துவிடும்.

நான் போட்ட பட்டி கல்லை விடவே இல்லை. சுரண்டியதில் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து வந்தது, அது தனி வயிற்றெரிச்சல். நாளைக்கே பிரிக்கவேண்டி வரும் வீட்டு மேசைக்குப் பட்டி வேண்டாம் என்பது என் கட்சி. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் போடுகிறார்கள். மெல்லிசாகப் போனால் உதிரும். மேஸ்திரி போட்டது தேன்மெழுகு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஆகவே கோவை வெயிலுக்குப் பயமில்லை.

இணைப்பில் தூசி, பழைய மெழுகு எதுவும் இருக்கக்கூடாது. கல்லை லேசாகச் சூடு காட்டினால்தான் மெழுகு அடிவரை இறங்கிப் பிடிக்கும். ஒரே இடத்தில் தீயைக் காட்டினால் கல் விரியும், ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். உருக்கி ஊற்றுவதைக் கல்மட்டத்துக்குச் சற்று மேலேயே நிற்கும்படி விடவேண்டும். நன்றாக ஆறியபின் கூரான தகட்டைப் படுக்கவைத்து, சாய்வாக இழுத்தால் மெழுகு சுருள் சுருளாக வரும். உப்புத்தாள் போடக்கூடாது, மெழுகு இழுபடும். ஸ்குரூ குழிகளுக்கும் இதே வைத்தியம்தான்.

சுரண்டி முடித்ததும் மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் படிக்கட்டுக்குப் போய், "அப்பா, ஒருக்கா வந்து கைய வெச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு இணைப்பிலும் நகத்தை ஓட்டினார். இரண்டாவது இணைப்பின் கோடியில் நின்று, "இங்க ஒரு மயிரிழை" என்றார். ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தேன். 0.05 தகடு இறுக்கமாக நுழைந்தது.

"அது இருக்கலாமுங்ப்பா" என்றேன். "அப்பச் செரி" என்றார்.