அணிமாண்டவியர் கேட்ட கேள்வி

குற்றமற்றவர் ஏன் துன்புற வேண்டும்? மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் வரும் மாண்டவிய முனிவரின் கதை இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

மாண்டவியர் தமது ஆச்சிரம வாயிலில், மரத்தடியில், கைகளை உயர்த்தி மௌன விரதம் பூண்டு நின்றார். காவலருக்கு அஞ்சிய கள்வர் சிலர் களவுப் பொருளை அங்கே ஒளித்துத் தாமும் ஒளிந்தனர். காவலர் வினவியபோது முனிவர் விரதங் காத்து வாய் திறக்கவில்லை. கள்வரும் பொருளும் அகப்படவே, அரச ஆணைப்படி அவரும் கழுவேற்றப்பட்டார். உணவின்றியும் அவர் உயிர் பிரியவில்லை. உண்மை அறிந்த மன்னன் ஓடிவந்து மன்னிப்பு வேண்டினான். கழுவை உருவ முடியாமல் அறுத்தே விட்டனர். உடலில் தங்கிய அம்முனையாற்றான் அவர் அணிமாண்டவியர் எனப் பெயர் பெற்றார். அணி என்பது கழுவின் முனை.

முனிவர் மன்னனைச் சினந்தாரல்லர். அறக்கடவுளிடமே சென்று, தாம் செய்த பாவம் யாதெனக் கேட்டார். சிறுபருவத்தில் பூச்சிகளின் வாலிற் புல்லைக் குத்தியதன் பயன் அது என்றார் அறக்கடவுள். சிறு பிழைக்கு இத்துணைப் பெருந்தண்டனையா என வெகுண்ட முனிவர், அவரை மனிதனாகப் பிறக்கும்படி சபித்தார். 14 வயது வரை செய்வது பாவமாகாது என்றும் வரம்பு வகுத்தார்.

வினைப்பயனை இக்கதை மறுக்கவில்லை. பூச்சியின் வேதனைக்கும் கணக்கு உண்டு. ஆயினும் செய்தவரின் அறிவையும் பிழையின் அளவையும் பாராத தீர்ப்பு அறமாகாது. அறக்கடவுளும் இதற்கு விலக்கல்லர்.

பணிப்பெண் வயிற்றில் விதுரராகப் பிறந்த அவருக்குப் பிறப்பின் காரணமாக அரசுரிமை கிட்டவில்லை. குற்றமின்றி இழப்பது யாதென அவரே அறிந்தார். அரக்குமாளிகைச் சூழ்ச்சியைப் பாண்டவருக்குக் குறிப்பால் உணர்த்தியவரும், திரௌபதிக்காகச் சபையிலே வாதாடியவரும் அவரே. தண்டனை அளந்தவர் துன்புறுவோர் பக்கம் நின்றார்.

நோயுற்ற குழந்தையையும் பிள்ளையை இழந்த தாயையும் கண்டு, “முற்பிறப்பில் செய்த வினை” என்று சொல்லிக் கடந்து போவது எளிது. அக்கணக்கை அறிந்தவன் இறைவன் ஒருவனே. அருகில் அமர்ந்து கண்ணீர் துடைப்பதே அடியவர் கடன். அறியாப் பிள்ளைகளின் பிழையையும் அளவறிந்து, அன்போடு திருத்துவோமாக.