படிப்பு என்ற பெயரில் ஒரு வியாபாரம்

(இறுதியாண்டு, அமைப்பியல் துறை)

விளம்பரம் இல்லாமல் இன்று எந்தப் பொருளும் விலை போவதில்லை. சோப்பு முதல் சிமெண்ட் வரை எல்லாவற்றுக்கும் விளம்பரம் உண்டு. விளம்பரத்தை நம்பி ஒரு சோப்பை வாங்குகிறோம். அது சரியாக நுரைக்கவில்லை என்றால் அடுத்த மாதம் வேறு சோப்பு வாங்கிக்கொள்கிறோம். நஷ்டம் சில ரூபாய்தான். ஆனால் ஒரு படிப்புக்கு விளம்பரம் செய்து, அந்தப் படிப்பே வெறும் நுரையாகப் போய்விட்டால்? காசு போகிறது, காலம் போகிறது, "நமக்குப் படிப்பு வராது போல" என்று தன் மேலேயே நம்பிக்கை போகிறது. இந்த மூன்றாவது நஷ்டத்தை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தர முடியாது.

அப்படி ஒரு படிப்பின் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். நிலமும் வீடும் வாங்கி விற்றுப் பணக்காரர் ஆவது எப்படி என்று கற்றுத் தரும் படிப்பு அது. நடந்தது அமெரிக்காவில். ஆனால் நண்பர்களே, அதில் நமக்கும் பாடம் இருக்கிறது.

வீடு தேடி வந்த ஆசை

அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளம்பரம் இத்தனை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாடு 1984-ல் நீக்கப்பட்டது. அதன் பிறகு நள்ளிரவில் அரைமணி நேரம் ஓடும் விளம்பரங்கள் வந்தன. பார்ப்பதற்கு நிகழ்ச்சி போல இருக்கும். உண்மையில் முழுக்க விளம்பரம். "கையில் காசில்லாமல் வீடு வாங்கலாம், வாடகையிலேயே வாழலாம்" என்று ஆசை காட்டிப் புத்தகமும் ஒலிநாடாவும் விற்றார்கள்.

பிறகு 2007, 2008-ம் ஆண்டுகளில் அந்த நாட்டில் வீட்டுக்கடன் நெருக்கடி வந்தது. தவணை கட்ட முடியாத குடும்பங்களின் வீடுகளை வங்கிகள் எடுத்துக்கொண்டு விற்றன. ஒருவருக்கு வீடு போகிறது. "அதை மலிவாக வாங்கி லாபம் பார்ப்பது எப்படி என்று நாங்கள் சொல்லித் தருகிறோம்" என்று இன்னொரு பக்கம் விளம்பரம் வருகிறது! வேலை போனவர்களும், ஓய்வு பெற்றவர்களும் அந்த விளம்பரங்களைப் பார்த்தார்கள்.

பல்கலைக்கழகம் அல்லாத பல்கலைக்கழகம்

இவற்றில் அதிகம் பேசப்பட்டது 'டிரம்ப் யுனிவர்சிட்டி'. பின்னாளில் அமெரிக்க அதிபரான டொனால்ட் டிரம்ப், 2005-ம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் இதைத் தொடங்கி வைத்தார். 2004-ல் தொடங்கிய 'தி அப்ரெண்டிஸ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியால் அப்போது அவர் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்திருந்தது.

பெயரில் யுனிவர்சிட்டி, ஆனால் பட்டம் கிடையாது, அரசு அங்கீகாரமும் கிடையாது. அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று நியூயார்க் மாநிலக் கல்வித்துறை 2005-லேயே எழுதியது. பெயரை மாற்றியது 2010-ல்தான். அதற்குப் பிறகு நிறுவனம் வெகுநாள் நடக்கவில்லை. உரிமம் இல்லாமல் பள்ளி நடத்தியதற்கு நிறுவனமும் டிரம்ப்பும் பொறுப்பு என்று 2014-ல் நியூயார்க் நீதிமன்றம் சொன்னது.

இலவசத்தில் தொடங்கி 34,995 டாலர் வரை

படிப்பு எப்படி நடந்தது? முதலில் ஓர் ஓட்டலில் 90 நிமிட இலவசக் கூட்டம். அங்கே போனால், உண்மையான விஷயம் மூன்று நாள் வகுப்பில் இருக்கிறது, கட்டணம் 1,495 டாலர் என்பார்கள். சரி என்று அதைக் கட்டி மூன்று நாள் உட்கார்ந்தால், இது போதாது, கூடவே இருந்து வழிகாட்ட ஆள் வேண்டும் என்று அடுத்த திட்டத்தைக் காட்டுவார்கள். அதில் மிக உயர்ந்தது 34,995 டாலர். இரண்டாம் படியின் கட்டணத்தைப் போல ஏறத்தாழ 23 மடங்கு!

கவனியுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான விளம்பரமாக இருக்கிறது. இலவசக் கூட்டம் மூன்று நாள் வகுப்பை விற்கிறது. மூன்று நாள் வகுப்பு பெரிய திட்டத்தை விற்கிறது. நம் கல்லூரியில் முதல் செமஸ்டர் பாடம் இரண்டாம் செமஸ்டருக்கு அஸ்திவாரம். அங்கேயோ முதல் பாடம் இரண்டாம் பாடத்துக்கு வலை. இதுதான் படிப்புக்கும் வியாபாரத்துக்கும் உள்ள வித்தியாசம்.

இந்த நிறுவனம் தன் ஊழியர்களுக்குக் கொடுத்திருந்த கையேடுகள் 2016-ல் நீதிமன்ற உத்தரவால் வெளியே வந்தன. கூட்டம் நடக்கும் அறை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது வரை அதில் குறிப்பு இருந்தது. நம் கணக்கில் 20 டிகிரி செல்சியஸ். வந்தவர்களின் சொத்து விவரத்தை வாங்கி, யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று தரம் பிரிப்பதற்கும் அதில் வழி சொல்லியிருந்தது. மாணவனின் மார்க்கைப் பார்ப்பவர் ஆசிரியர். மாணவனின் பாங்க் இருப்பைப் பார்ப்பவரை என்னவென்று சொல்வது?

சொன்னதும் இருந்ததும்

நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எரிக் ஷ்னைடர்மேன் 2013-ல் வழக்குப் போட்டார். அதற்கு முன்பே, 2010-ல், கலிபோர்னியாவில் மாணவர்கள் வழக்குத் தொடுத்திருந்தார்கள். அவர்கள் சொன்ன குற்றச்சாட்டுகளைப் பார்ப்போம்.

ஒன்று, ஆசிரியர்கள். டிரம்ப்பே தேர்ந்தெடுத்தவர்கள் என்று விளம்பரம் சொன்னது. ஆனால் வகுப்பு எடுத்தவர்களில் ஒருவரைக்கூட டிரம்ப் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்று நிறுவனத்தின் தலைவரே வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டார்.

இரண்டு, தரிசனம். டிரம்ப் வருவார் என்று நம்பிப் போனவர்களுக்குக் கிடைத்தது, ஆள் உயர அட்டைப் படத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ!

மூன்று, கடன் அட்டை. அட்டையின் வரம்பை உயர்த்திக்கொள்ளுங்கள், வீடு வாங்க உதவும் என்று வகுப்பிலேயே சொன்னார்கள். உயர்ந்த வரம்பு போய்ச் சேர்ந்தது அடுத்த கட்டணத்துக்கு.

நிறுவனத் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. மாணவர்களில் 98 சதவீதம் பேர் திருப்தி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்கள். அந்தப் படிவங்களை ஆசிரியர் பார்க்க, பெயரோடு எழுத வேண்டியிருந்தது என்று மாணவர்கள் பதில் சொன்னார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. கான்கிரீட் போட்ட அன்றே கியூபை உடைத்து வலிமை பார்ப்போமா? 28 நாள் நீரில் ஊறவைத்த பிறகுதானே பார்க்கிறோம்? வகுப்பு முடிந்த அன்று எழுதும் கருத்து, பேச்சு நன்றாக இருந்தது என்பதை மட்டும்தான் காட்டும். படிப்பு பயன்பட்டதா என்பது ஒரு வீட்டை வாங்கி விற்றுப் பார்த்த பிறகுதான் தெரியும்.

2016 நவம்பரில் வழக்குகள் சமரசம் ஆயின. தவறை ஒப்புக்கொள்ளாமலே 2.5 கோடி டாலர் கொடுக்க டிரம்ப் தரப்பு சம்மதித்தது. 2017 மார்ச்சில் நீதிபதி கொன்சாலோ கூரியல் அதை ஏற்றார். மேல்முறையீடும் முடிந்து 2018-ல்தான் பணம் மாணவர்கள் கைக்குப் போனது. முதல் வழக்கிலிருந்து எட்டு வருஷம்!

இது ஒருவர் கதை மட்டுமல்ல. நள்ளிரவு விளம்பரத்தில் 39.95 டாலருக்கு வீட்டு வியாபாரப் பாடம் விற்றுவிட்டு, அப்புறம் 14,995 டாலர் வரை 'பயிற்சி' விற்ற ஒரு குழு மீது, அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2009-ல் வழக்குப் போட்டது. 2012-ல் 47.8 கோடி டாலருக்குத் தீர்ப்பு ஆனது. 2019-ல் 'சூரிக்ஸ்' என்ற நிறுவனத்தின் மேல் வழக்கு. அங்கும் இலவசக் கூட்டம், பிறகு 1,997 டாலருக்கு மூன்று நாள், பிறகு 41,297 டாலர் வரை. பணத்தைத் திரும்பக் கேட்டவர்களிடம், அரசு அதிகாரிகளிடம் புகார் செய்யமாட்டேன் என்று கையெழுத்து வாங்கியதாகவும் அந்த வழக்கில் குற்றச்சாட்டு உண்டு. பெயர்தான் மாறுகிறது; படிக்கட்டு ஒன்றேதான்.

விளம்பரம் போடாத கணக்கு

"ஒரு லட்சத்துக்கு வாங்கி ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு விற்றேன், முப்பதாயிரம் லாபம்!" இப்படித்தான் மேடையில் பேசுவார்கள். கட்டட வேலை படிக்கிற நாம் எஸ்டிமேட் போட்டுப் பார்ப்போமே. இது உதாரணக் கணக்குதான்:

ரிப்பேர், வெள்ளையடிப்பு – 12,000 டாலர்
தரகு, விற்ற விலையில் 6 சதவீதம் – 7,800 டாலர்
ஆறு மாத வட்டி, வரி, காப்பீடு – 6,000 டாலர்
பத்திரச் செலவு – 3,000 டாலர்
மொத்தச் செலவு – 28,800 டாலர்

கையில் நிற்பது 1,200 டாலர். அதுவும் ஆறே மாதத்தில் விலை போனால்! இந்த லாபத்தில் 34,995 டாலர் கட்டணத்தை எடுக்க முப்பது வீடு விற்க வேண்டும். இந்தக் கணக்கை மேடையில் போட்டுக் காட்டினால் யார் பணம் கட்டுவார்கள்? ஆகவே விளம்பரத்தில் வரும் பொய், பெரும்பாலும் சொல்கிற வார்த்தையில் இருப்பதில்லை. விட்டுவிடுகிற வார்த்தையில் இருக்கிறது.

ஏன் நம்பினார்கள்?

ஏமாந்தவர்களைப் பார்த்து "பேராசைக்காரர்கள்" என்று சிரிப்பது சுலபம். நான் சிரிக்க மாட்டேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தவர் இல்லாத வீட்டில் படிப்பு என்ற சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. 'சார் சொன்னார்' என்றால் அப்பா எதிர்க் கேள்வி கேட்க மாட்டார். இருப்பதை விற்றாவது ஃபீஸ் கட்டுவார். எது நல்ல காலேஜ், எது போலி என்று சொல்ல வீட்டில் அண்ணனோ அக்காவோ இல்லை. அமெரிக்காவில் ஏமாந்தவர்களும் சூதாடப் போகவில்லை. படிக்கப் போனார்கள். உழைத்துக் கற்றுக்கொண்டால் முன்னேறலாம் என்ற நல்ல எண்ணத்தைத்தான் அந்த விளம்பரங்கள் காசாக்கின. நிலத்தைக் காட்டி ஏமாற்றுவதைவிட, படிப்பைக் காட்டி ஏமாற்றுவது பெரிய பாவம் என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் கையில் இருக்க வேண்டிய கேள்விகள்

கம்பி வாங்கினால் டெஸ்ட் சர்டிபிகேட் கேட்கிறோம். படிப்பு வாங்கும்போதும் கேட்போம்:

1. இலவசக் கூட்டம் என்றால், மண்டப வாடகையை யார் கொடுக்கிறார்கள்? எதிலிருந்து அதை எடுப்பார்கள்?

2. ஜெயித்தவர் ஒருவரைக் காட்டினால், அவரோடு சேர்ந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர்? மற்றவர்கள் எங்கே?

3. பெரிய மனிதர் படம் போட்டிருந்தால், அவர் பாடம் நடத்துகிறாரா, படம் மட்டும்தானா?

4. கடைசிவரை ஆகும் மொத்தக் கட்டணத்தை முதல் நாளே எழுதித் தருவார்களா?

5. "இன்றைக்கே கட்டினால்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்துகிறார்களா? நல்ல படிப்பு நாளைக்கும் நல்ல படிப்பாகவே இருக்கும்.

6. அங்கீகாரம் யார் கொடுத்தது? அந்த அலுவலகத்தில் நாமே கேட்டுப் பார்த்தோமா?

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. சட்டப்படி அமையாத எந்த நிறுவனமும் 'யுனிவர்சிட்டி' என்ற சொல்லைப் பெயரில் வைக்கக் கூடாது என்று 1956-ம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 23-ம் பிரிவு சொல்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திடம் புகார் சொல்லலாம். ஆனால் சட்டம் வருவது பணம் போன பிறகு. கேள்விதான் பணம் போவதற்கு முன்னால் வரும்.

கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நம்மில் பலருக்கு ஒரு கூச்சம் உண்டு. அது தேவையில்லை. உண்மையான ஆசிரியர் கேள்வி கேட்கும் மாணவனைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். கேள்வி கேட்டால் யாருக்குக் கோபம் வருகிறதோ அவரிடம் பாடம் இல்லை, சரக்குத்தான் இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இந்த ஆறு கேள்விகளையும் நம் வீட்டிலும், பக்கத்து வீட்டிலும் சொல்லி வைப்போம். நாம் படித்த படிப்பு நம் தெருவுக்கு முதலில் அப்படிப் பயன்படட்டும்!